வருமானம் நின்றுபோன வீட்டுக்கு: 'கர்த்தர் பார்த்துக்கொள்வார்' என்று சொன்ன பிறகு செய்யவேண்டியவை

திருநெல்வேலிச் சீமையில் சம்பாதிக்கிறவர் படுத்துவிட்ட வீட்டுக்கு விசாரிக்க வருகிறவர்கள் எல்லாரும் ஒன்றையே சொல்வார்கள்: "கவலைப்படாதீர்கள், கர்த்தர் பார்த்துக்கொள்வார்." சொல்லிவிட்டு, ஜெபித்துவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அவர் பார்த்துக்கொள்வார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மறுநாள் காலையில் எந்தக் கதவைத் தட்டுவது, கையில் எதை எடுத்துக்கொண்டு போவது என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

என் கணவர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து பல மாதங்கள் வேலைக்குப் போகமுடியாமல் இருந்தார். அப்போது அலைந்து திரிந்து தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள், வெளியூரிலிருந்து பாளையங்கோட்டைப் பக்கம் குடியேறி சபையில் இன்னும் யாரையும் தெரியாதவர்கள், வாழ்க்கையில் முதல் தடவையாகக் கை நீட்டவேண்டி வந்தவர்கள் ஆகியோருக்கு இது உதவும். நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்தவள் என்பதால் அந்த வழக்கமே அதிகம் வரும்.

1. கேட்கலாமா, கூடாதா என்பதை வீட்டுக்குள் முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்

இதைத் தள்ளிப்போட்டால் மற்ற எதுவும் நகராது. "விசுவாசம் இருந்தால் மனுஷரிடம் கேட்கக்கூடாது" என்று வீட்டில் ஒருவராவது சொல்வார். நம் பக்கத்தில் அதற்கு உடனே காட்டப்படும் சாட்சி டோனாவூர். களக்காட்டுக்குப் பக்கத்தில் அந்த ஊரில் ஏமி கார்மைக்கேல் அம்மையார் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வளர்த்தார். பணம் தாருங்கள் என்று யாரிடமும் கேட்பதில்லை என்பதை ஒழுங்காகவே வைத்திருந்தார். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லரும் அப்படித்தான்.

இரண்டும் உண்மை. ஆனால் அது ஓர் ஊழியத்துக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட தீர்மானம். முல்லர் வந்த காசுக்கெல்லாம் ரசீது கொடுத்து, ஆண்டுதோறும் அறிக்கை அச்சிட்டுக் கணக்கு காட்டியவர் என்பதை அந்தச் சாட்சியைச் சொல்கிறவர்கள் விட்டுவிடுகிறார்கள். கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு அந்தத் தீர்மானத்தைச் சட்டமாக்க வேதத்தில் இடமில்லை. ஆதிச் சபையில் விதவைகளுக்கு அன்றாடப் பந்தி விசாரணை சரியாக நடக்கவில்லை என்று முறுமுறுப்பு வந்தபோது, அப்போஸ்தலர்கள் "போய் ஜெபியுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடவில்லை. அதற்கென்று ஏழு பேரை நியமித்தார்கள் (அப்போஸ்தலர் 6). கேட்டதால்தான் அந்த ஏற்பாடே வந்தது.

கணவன், மனைவி, வீட்டில் பெரியவர்கள் உட்கார்ந்து இதைப் பேசி முடியுங்கள். ஒருவர் மனுக் கொடுக்கப் போகும்போது இன்னொருவர் வீட்டில் இருந்து "மானம் போகிறது" என்று சொல்லிக்கொண்டிருந்தால் இரண்டாம் நாளே கால் ஓய்ந்துவிடும்.

2. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள்

எலிசாவிடம் கடன்காரனுக்குப் பயந்து அழுதுகொண்டு வந்த விதவையிடம் அவர் கேட்ட கேள்வி, "வீட்டில் உன்னிடத்தில் என்ன இருக்கிறது சொல்" என்பதுதான் (2 இராஜாக்கள் 4). அந்த அதிகாரத்தின் வரிசையே நல்ல வரிசை: இருப்பைப் பார், அயல்வீட்டில் பாத்திரம் கேள், எண்ணெயை விற்று, கடனை அடை, மீதியில் பிழை.

நோட்டின் முதல் பக்கத்தில் இருப்பு. அரிசி எத்தனை படி, எண்ணெய் எவ்வளவு, கையிருப்புப் பணம், நகை, வங்கியில் உள்ளது, யாராவது நமக்குத் தரவேண்டியது, வரவேண்டிய சம்பளப் பாக்கி. வீட்டில் யாராவது பீடி சுற்றுகிறார்களா, அவர்களுக்கு பி.எஃப். கணக்கும் அடையாள அட்டையும் இருக்கின்றனவா, கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை புதுப்பித்த நிலையில் இருக்கிறதா என்பதையும் எழுதுங்கள். எங்கள் தெருவில் பல வீடுகளில் நல வாரிய அட்டை பீரோவில் பத்திரமாக இருக்கும், காலாவதியாகி. விபத்து நடந்த பிறகு அந்த அட்டையோடு போனால் சிக்கல்தான். இதைப் படிக்கிறவர்கள் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

இரண்டாம் பக்கத்தில் தேவை. இதில் மூன்று பகுதி: இந்த வாரத்துக்கு, இந்த மாதத்துக்கு, தேதி குறித்த கட்டாயங்கள் (வாடகை, பள்ளிக் கட்டணம், மருந்து, தவணை). அளவோடு எழுதுங்கள். "என் படியை எனக்கு அளந்து என்னைப் போஷித்தருளும்" என்று நீதிமொழிகள் 30:8-இல் ஒரு ஜெபம் இருக்கிறது. அளந்து கேட்பதில் தவறில்லை. குடும்ப ஜெபத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: "ஆண்டவரே, பத்தாம் தேதிக்குள் வாடகை." பிள்ளைகளும் கேட்கட்டும். பின்னால் எது, எப்படி வந்தது என்று அவர்களுக்குத் தெரியவேண்டும்.

அன்றைக்கே பலசரக்குக் கடை அண்ணாச்சியிடம் போய்ப் பேசிவிடுங்கள். பற்று ஏறிக்கொண்டே போய் அவர் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. "அண்ணாச்சி, அவருக்கு வேலை இல்லை. பழைய பாக்கியை மாதம் இவ்வளவு என்று அடைக்கிறேன். புதிதாக அரிசி, பருப்பு, எண்ணெய் மட்டும் பற்றில் தாருங்கள்" என்று தொகையோடு சொன்னால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். ஒளிந்து வேறு கடைக்குப் போகிறவர்களுக்குத்தான் கதவு அடைபடுகிறது.

3. ஆவணக் கோப்பு: பெயரில்தான் சிக்கல்

ஒரு பிளாஸ்டிக் கோப்பில் இவை இருக்கட்டும்: எல்லாருடைய ஆதார், ரேஷன் கார்டு (ஸ்மார்ட் கார்டு), வங்கிப் புத்தக முதல் பக்கம், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மருத்துவச் சீட்டுகள், பிள்ளைகளின் பள்ளி அடையாளம், ஞானஸ்நானச் சான்று, சபைச் சங்கச் சந்தா ரசீதுகள், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்கள். ஒவ்வொன்றிலும் நான்கு நகல். நகல் கடையில் ஒருமுறை மொத்தமாக எடுத்துவிட்டால், கலெக்டர் அலுவலக வாசலில் அவசரத்தில் எடுக்கும் செலவும் நேரமும் மிச்சம்.

நம்மவர்களுக்கு மட்டும் வரும் சிக்கல் பெயர். ஞானஸ்நானத்தில் 'எஸ்தர்' ஆனவர் ஆதாரில் 'இசக்கியம்மாள்' ஆகவே இருப்பார். ரேஷன் கார்டில் வேறு எழுத்துக்கூட்டல். ஞானஸ்நானச் சான்றிதழை வைத்துக்கொண்டு அரசு ஆவணத்தில் பெயரை மாற்றிவிடமுடியாது. முறையான பெயர் மாற்றத்துக்கு அரசிதழில் அறிவிப்பு வரவேண்டும். நெருக்கடியில் அதைத் தொடங்காதீர்கள். எல்லா மனுவிலும் ஆதாரில் உள்ள பெயரையே எழுதுங்கள். சபை மனுவில் மட்டும் இரண்டு பெயரையும் எழுதினால் போதும்.

சாதிச் சான்றிதழிலும் கவனம் வேண்டும். ஆதிதிராவிடர் குடும்பத்திலிருந்து கிறிஸ்தவரானவர்கள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். ஆனாலும் மாநில அரசின் கல்வி உதவித்தொகையில் "கிறிஸ்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர்" என்ற பிரிவு இருக்கிறது. "உங்களுக்குக் கிடையாது" என்று யாராவது வாய்ச்சொல்லாகச் சொன்னால் அதோடு திரும்பிவிடாதீர்கள். பள்ளி, கல்லூரி அலுவலகத்தில் அந்தப் பிரிவின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்று, சொல்லக் கஷ்டமாக இருந்தாலும் சொல்லவேண்டும். வீட்டில் மரணம் நேர்ந்திருந்தால், ஆலயத்தின் அடக்கப் பதிவேடு அரசு இறப்புச் சான்றிதழுக்கு ஈடாகாது. ஊராட்சி, பேரூராட்சி, மாநகராட்சி எதுவோ அங்கே 21 நாட்களுக்குள் பதிவு செய்துவிடுங்கள். அது இல்லாமல் வாரிசுச் சான்றிதழ் இல்லை. இறப்புச் சான்றிதழ் இல்லாமல் விதவை உதவித்தொகை, வங்கிப் பணம் எதுவும் நகராது.

4. சபையில் மனுக் கொடுப்பது

முதலில் சபை ஊழியரிடம் சொல்லுங்கள். ஊர்ச் சபைகளில் இன்னும் உபதேசியார் என்றே அழைக்கிறார்கள். அவரைத் தாண்டி நேராகச் சேகர (பல ஊர்ச் சபைகள் சேர்ந்த வட்டார) குருவானவரிடம் போனால், அவர் மறுபடியும் உபதேசியாரைத்தான் விசாரிப்பார். ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு வாசலில் நின்று சொல்லாதீர்கள். அந்த நேரத்தில் கை குலுக்கலும் கூட்ட அறிவிப்பும்தான் நடக்கும். உங்கள் காரியம் காதில் விழுந்தும் விழாமலும் போகும். வாரநாள் மாலையில் வீட்டுக்குப் போங்கள்.

வாய்ச்சொல் போதாது. ஒரு பக்க மனு எழுதிக் கொடுங்கள்: குடும்ப உறுப்பினர்கள், எப்போதிலிருந்து வருமானம் இல்லை, ஏன், எவ்வளவு தேவை, எதற்கு, எத்தனை மாதத்துக்கு. "ஏதாவது உதவி செய்யுங்கள்" என்ற மனு கமிட்டியில் கடைசியாகத்தான் எடுக்கப்படும். "மாதம் அரிசி 20 கிலோவும் மருந்துக்கு இவ்வளவும், மூன்று மாதத்துக்கு" என்று இருந்தால் ஆம், இல்லை என்று அவர்களால் சொல்லமுடியும். சேகரக் கமிட்டி எப்போது கூடுகிறது என்பதைக் கேட்டுவைத்து அதற்கு ஒரு வாரம் முன்னதாகக் கொடுங்கள். தவறினால் அடுத்த கூட்டம்தான்.

சங்கச் சந்தா பாக்கி இருந்தால் பேச்சு அங்கேயே தடுக்கும். முழுவதும் கட்டமுடியாவிட்டால் அதையும் மனுவிலேயே ஒரு வரியில் எழுதிவிடுங்கள். வெளியூரிலிருந்து வந்தவர்கள் பழைய சபைக் குருவானவரிடமிருந்து ஒரு கடிதம் வாங்கி வந்தால் விசாரணை சுருக்கமாக முடியும்.

பணத்தைவிடச் சீக்கிரம் வருவது அரிசி. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சொல்லுங்கள். பிடியரிசி எடுக்கும் வழக்கம் உள்ள சபைகளில் வீட்டுக்கு வீடு உலை வைக்கும்போது ஒரு பிடி ஒதுக்கி வைத்திருப்பார்கள். எங்களுக்கு அப்படி வந்த பையைத் திறந்தபோது புழுங்கலும் பச்சரிசியும் ரேஷன் அரிசியும் கலந்திருந்தன. ஒரே பானையில் வெந்தால் பாதி குழையும், பாதி விறைத்து நிற்கும். கஞ்சியாக வைத்துவிடுங்கள், காணத் (கொள்ளு) துவையல் இருந்தால் பிள்ளைகள் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

கத்தோலிக்கர்கள் பங்குத்தந்தையிடமும், அதற்கு முன்னால் உங்கள் அன்பியத்திலும் (பக்கத்து வீடுகள் சேர்ந்த பங்கின் சிறு குழு) சொல்லுங்கள். வின்சென்ட் தே பவுல் சபை உள்ள பங்குகளில் அதன் உறுப்பினர்கள் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். அவர்கள் கேள்வி கேட்பதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் பாஸ்டரே எல்லாம். அங்கும் எழுத்தில் கொடுப்பது நல்லது.

எச்சரிக்கை இரண்டு. சாட்சி நேரத்தில் உங்கள் கஷ்டத்தைச் சபை முழுக்கச் சொல்லும்படி யாராவது வற்புறுத்தினால் மறுத்துவிடலாம். அடுத்தது, திருமண்டலத் (டயோசீஸ்) தேர்தல் நெருங்கும் காலத்தில் திடீரென்று அரிசிப் பையோடு வாசலில் நிற்கிறவர்கள். பசிக்கிற வீடு, வேண்டாம் என்று சொல்வது கடினம். வாங்கினால், "நன்றி, ஓட்டுக்கு வாக்குக் கொடுக்கமுடியாது" என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

5. அரசிடம் கேட்பதும் ஆண்டவரின் ஏற்பாடுதான்

எலியாவுக்குக் காகம் அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்தது. காகம் அசுத்தமான பறவை என்று சொல்லி அவர் திருப்பி அனுப்பவில்லை. தாலுகா ஆபீஸ் வழியாக வருவது விசுவாசக் குறைவு என்று பேசுகிறவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் வாசல் வருமானச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் கட்டணம் 60 ரூபாய். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று போகும். பதிவு செய்த அன்றைக்கே ஒப்புகைச் சீட்டோடு கிராம நிர்வாக அலுவலரை நேரில் பார்த்து நிலைமையைச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் வேலை இருந்த காலத்து வருமானத்தையே எழுதிவிடுவார்கள். இரண்டு வாரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓராண்டுதான் செல்லும். அறுபது ரூபாய்க்கு மேல் கேட்டு, "சீக்கிரம் முடித்துத் தருகிறேன்" என்று சொல்லும் இடைத்தரகர் வேண்டாம். அவர் செய்வதும் அதே பதிவுதான்.

ரேஷனில் அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய். கௌரவம் பார்த்து வாங்காமல் விட்டிருந்தால் இந்த மாதமே போங்கள். ஆதரவற்ற விதவை உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். இ-சேவையில் பதிந்தால் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தாரிடம் போகும். மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் வராதவர்கள், ஏன் தள்ளுபடியானது என்று காரணம் கேட்டு மேல்முறையீடு செய்யலாம்.

கல்லூரியில் படிக்கும் பெண் பிள்ளை இருந்தால் புதுமைப்பெண் திட்டம் மாதம் 1,000 ரூபாய். முதலில் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் இருந்தது. பிறகு அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. திருச்சபைப் பள்ளிகள் நிறைந்த நம் மாவட்டத்தில் இது பெரிய வித்தியாசம். "மிஷன் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடையாது" என்ற பழைய நினைப்பிலேயே பலர் விண்ணப்பிக்காமல் இருக்கிறார்கள். பையன்களுக்கு அதே தொகையில் தமிழ்ப்புதல்வன் திட்டம்.

கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலகத்திலுள்ள பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் நல அலுவலகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். சிறுபான்மையினருக்கான டாம்கோ கடன், கிறிஸ்தவ மகளிர் உதவும் சங்கத்தின் உதவி இரண்டையும் பற்றி அங்கே கேட்கலாம். டாம்கோ கடனுக்கு ஜாமீனும் காலமும் பிடிக்கும்; அரிசிக்கு அதை நம்பாதீர்கள், தையல் இயந்திரத்துக்கோ ஆட்டுக்குட்டிக்கோ யோசிக்கலாம். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாள் என்பதால் அந்த வளாகத்தில் கூட்டம் நெரியும். மனுக் கொடுக்க அந்த நாள், விவரம் கேட்க வேறு நாள்.

6. மருத்துவமனை: பணம் கட்டுவதற்கு முன்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய்வரை சிகிச்சை. வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்தில் பதியலாம். கட்டணம் இல்லை.

நோய் வந்த பிறகு தேடுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது: அறுவைச் சிகிச்சைக்கு முன்பே மருத்துவமனை அனுமதி வாங்கவேண்டும். நீங்கள் வட்டிக்கு வாங்கிப் பணத்தைக் கட்டிவிட்டு, பிறகு அட்டையைக் காட்டித் திருப்பிக் கேட்கமுடியாது. சேர்க்கும்போதே "காப்பீட்டில் வருமா?" என்று காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். "அது தாமதமாகும், முதலில் கட்டுங்கள்" என்று ஒரு தனியார் மருத்துவமனையில் எங்களிடம் சொன்னார்கள். அவசரம் இல்லையென்று மருத்துவரிடம் உறுதி செய்துகொண்டு, ஹைகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாற்றிக்கொண்டு போனோம். ஜெபக் குழுவில் அதையும் குறை சொன்னவர்கள் உண்டு. காலில் கம்பி வைத்து, கையிலிருந்து பெரிய தொகை போகாமல் என் கணவர் நடந்து வந்தார்.

7. கடன், காணிக்கை: இரண்டிலும் அவசரப்படாதீர்கள்

நகை இருந்தால் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ அடகு வையுங்கள்; ஆதாரும் வங்கிப் புத்தகமும் போதும். வாரவட்டி, மீட்டர் வட்டி பக்கம் போகாதீர்கள். எழுதாத பத்திரத்தில் கையெழுத்து, வெறும் காசோலை இரண்டும் யாருக்கும் கொடுக்கவேண்டாம், அவர் உங்கள் சபை மூப்பராகவே இருந்தாலும். அதிக வட்டி வசூலிப்பதற்குத் தமிழ்நாட்டில் 2003-லிருந்தே தடைச் சட்டம் இருக்கிறது; மிரட்டல் வந்தால் கலெக்டரிடமும் காவல் கண்காணிப்பாளரிடமும் எழுத்தில் கொடுக்கலாம். குழுக் கடனில் புதிதாகச் சேர்ந்து பழைய குழுக் கடனை அடைப்பதும் இதே குழிதான்.

அடுத்தது விதைப்புக் காணிக்கை. "ஆயிரம் விதையுங்கள், நூறத்தனையாக அறுப்பீர்கள்" என்று கைபேசியில் பேசி, கீழே கியூஆர் குறியீட்டைக் காட்டுகிறவர்கள் சரியாக இந்த நேரத்தில்தான் கண்ணில் படுவார்கள். நெருக்கடியில் இருக்கிற மனது பிடிப்பதற்கு எதையாவது தேடும். சாறிபாத் விதவை கடைசி மாவைக் கொடுத்ததை மேற்கோள் காட்டுவார்கள். எலியா அந்த அப்பத்தைச் சாப்பிட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடவில்லை. பானையில் மாவு தீராமல் இருந்த நாளெல்லாம் அவளுடைய வீட்டிலேயே தங்கினார். உங்கள் வீட்டு வாடகையைப் பற்றிக் கேட்கக்கூட மாட்டாதவருக்குப் பணம் அனுப்பாதீர்கள்.

தசமபாகம் பத்தில் ஒன்று. வருமானம் இல்லாத மாதத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒன்றும் வராது. மனது கேட்கவில்லையென்றால் உலைக்கு ஒரு பிடி அரிசி ஒதுக்குங்கள், அல்லது ஆலயத்தைப் பெருக்கிக் கொடுங்கள். கடன் வாங்கிக் காணிக்கை போடவேண்டாம்.

8. வந்ததை எழுதுங்கள், தேவை நின்றதும் சொல்லுங்கள்

நோட்டின் பின்பக்கத்திலிருந்து வரவு எழுதுங்கள்: தேதி, என்ன, யார் மூலம். பெயர் சொல்லாமல் வந்ததையும் எழுதுங்கள். ஒரு நாள் காலையில் எங்கள் படிக்கட்டில் ஒரு மஞ்சள் பை. உள்ளே இரண்டு படி அரிசி, பழைய செய்தித்தாளில் சுற்றிய நெத்திலிக் கருவாடு, மடித்த ஐந்நூறு ரூபாய். வைத்தது யாரென்று இன்றுவரை தெரியாது. 'படிக்கட்டு' என்றே எழுதிவைத்திருக்கிறேன்.

கூடுதலாக வந்தால் சேர்த்துவைத்து அழுகவிடாதீர்கள். மன்னாவை மறுநாளுக்கு வைத்தவர்கள் வீட்டில் புழு பிடித்தது. ஓய்வுநாளுக்கு முந்தின நாளில் இரட்டிப்பாகச் சேர்க்கச் சொன்னவரும் அதே தேவன்தான். அரிசி மிஞ்சினால் அடுத்த வீட்டுக்கு, பணம் மிஞ்சினால் அடுத்த மாத வாடகைக்கு.

குழுக்களுக்கும் தனி ஆட்களுக்கும் நேரில் நன்றி சொல்லுங்கள். சபை உதவிக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்தால் கணக்கு வைக்கிறவருக்குச் சௌகரியம்.

வேலைக்குத் திரும்பி முதல் கூலி கைக்கு வந்த வாரமே, "இனி உதவி தேவையில்லை" என்று சேகர குருவானவருக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள், மூன்று மாதம் முடியாவிட்டாலும். உங்கள் பெயர் பட்டியலில் இருக்கும்வரை அடுத்த மனு கமிட்டியில் காத்துக்கொண்டிருக்கும்.